சுவருக்கு இந்தப் பக்கம் கஷாயம்

நேற்று திருவொற்றியூர் தேரடிப் பக்கம் போயிருந்தேன். தைக்கக் கொடுத்திருந்த செருப்பை வாங்கப் போனேன். சொல்ல வந்தது செருப்பைப் பற்றி இல்லை. செருப்புக்காரருக்குப் பக்கத்தில் ஒரு மாவு மில் இருக்கிறது. யாரோ முளைகட்டிய கேழ்வரகை வறுத்து அரைக்கக் கொடுத்திருந்தார்கள். சூடான மாவின் வாசனை தெருவுக்கு வந்தது. லேசான இனிப்பு, அதற்கடியில் கொஞ்சம் கருகல். அந்த வாசனையில் மற்றவர்களுக்குக் கைக்குழந்தைகள் ஞாபகம் வரும். எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது. செருப்பை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்து, ஒரு ஜூஸ் கடை வாசலில் நின்ற பிறகுதான் எனக்கே சிரிப்பு வந்தது. தலை நரைத்த ஒருத்தி சத்துமாவைக் கண்டு ஓடுகிறாள்.

ஓடியதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காலத்தில் நாங்கள் ஆபீஸில் பீர் காய்ச்சினோம். சிரிக்காதீர்கள். என் அம்மா கடைசிவரை அதை நம்பவில்லை. பெண்ணுக்கு வேலை போன துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்தாள்.

ஆபீஸ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். திருவொற்றியூர் தாண்டி எர்ணாவூர் போகும் வழியில், கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ரோட்டோரம், ஒரு கிடங்கை ஒட்டினாற்போல மூன்று அறைகள். துறைமுகத்தில் இறங்கும் தானியங்களைச் சோதித்துச் சான்று கொடுப்பது எங்கள் வேலை. ஈரம் எவ்வளவு, தூசி எவ்வளவு, வண்டு உண்டா என்று பார்ப்பேன். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வண்டு எண்ணுகிறாயா என்று வீட்டில் கேட்பார்கள். எண்ணத்தான் செய்தேன். சல்லடையில் கொட்டி, குலுக்கி, கீழே விழும் வண்டுகளை ஒரு வெள்ளைத் தட்டில் ஓடவிட்டு எண்ணுவேன். ஓடுகிற வண்டை எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று எண்ணிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஆபீஸில் மூன்று பேர். நான், ராகவன் சார், பெலிக்ஸ் அண்ணன். ராகவன் சார் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சான்றுகளில் கையெழுத்துப் போடுவார். வெங்காயம்கூடச் சாப்பிடாத மனிதர். பெலிக்ஸ் அண்ணன் ராயபுரம். கப்பலுக்கும் யார்டுக்கும் போய், மூட்டைகளில் குத்தூசியை விட்டுச் சாம்பிள் எடுத்து வருவார். உயரமான ஆள், குரலும் உயரம். ரோட்டில் ஹாரன் அடிக்கும் லாரியை அவர் திட்டினால் ஹாரன் நின்றுவிடும்.

முதலாளி அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஆபீஸும் அவருடையது, ஒட்டியிருந்த கிடங்கும் அவருடையது. கிடங்கில் மக்காச்சோளம், பருப்பு. அவர் வந்தால் எங்கள் பக்கம் பத்து நிமிஷம், கிடங்குப் பக்கம் பாதி நாள்.

பீர் கம்பெனிகளுக்காக வெளிநாட்டிலிருந்து பார்லி மால்ட் வரும். முளைகட்டி, உலர்த்தி, வறுத்த பார்லி. அதிலும் சாம்பிள் எடுப்போம். சோதித்தது போக மிச்சம், சாம்பிள்களை வைக்கும் மாதிரி அறையில் டப்பா டப்பாவாகச் சேரும். கெடு முடிந்ததும் தூக்கிப் போட வேண்டும். அந்த வாசனையோடு ஒரு பொருளைக் குப்பையில் கொட்ட எனக்கு மனசு வராது. ஒரு நாள் பெலிக்ஸ் அண்ணன் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றபடியே சொன்னார்.

“இத்த போயி கொட்றியே தங்கச்சி. பீரு இன்னா பெரிய வித்தையா? கஞ்சிய காய்ச்சி ஈஸ்ட்டு போட்டு மறந்துட்டா பீரு.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்க வூட்ல கிறிஸ்மஸ்க்கு ஒயின் போடுவாங்க. திராட்சைய போட்டு ஜாடி வாய கட்டி கட்டிலுக்கு அடியில வெச்சிருவாங்க. ராத்திரில அது பேசும். குளுக்கு குளுக்குனு. சின்ன வயசுல பேய்னு நெனச்சுகினு கெடப்பேன்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. மால்ட்டை மிக்ஸியில் ஒன்றிரண்டாக உடைத்தோம். ஆபீஸ் இட்லிப் பானையில் வெந்நீர். எங்கள் ஆபீஸில் இட்லிப் பானை இருந்தது. மழைக்காலத்தில் ரோடு மூழ்கிப் போனால் வெளியே சாப்பாடு கிடைக்காது. கொதிக்காமல், ஆறாமல் ஒரே சூட்டில் வைக்க, சோதனைச்சாலைத் தெர்மாமீட்டரைப் பானையின் ஆவி ஓட்டையில் செருகினேன். வடிகட்ட ராகவன் சார் தன் பழைய வேட்டியைத் தியாகம் செய்தார். கசப்புக்கு முதல் தடவை நிலவேம்பைப் போட்டோம். அந்தப் பீரைக் குடித்த முகங்களைப் படம் பிடித்து வைக்காமல் போனோமே என்று இன்றும் வருத்தம். பிறகு மால்ட்டோடு சேர்ந்து பீர்க்கசப்புக்குப் போடும் ஒரு பூவின் தூளும் சாம்பிளாக வந்தது, பிழைத்தோம். ஈஸ்ட், ராயபுரத்தில் ஒரு பேக்கரியில் வாங்கியது. எல்லாவற்றையும் ஒரு சின்னத் தண்ணீர் கேனில் ஊற்றி, மூடியில் ஓட்டை போட்டு, மருந்துக் கடையில் வாங்கிய குளுக்கோஸ் டியூபைச் செருகி, அதன் மறுமுனையை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டுவிடுவோம். மறுநாள் காலை டம்ளரில் குமிழி வரும். ப்ளக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு ப்ளக்.

கிடைப்பது ஆளுக்கு ஒன்றரை டம்ளர். அவ்வளவுதான். சனிக்கிழமை மதியம் ஆபீஸ் முடிந்ததும் குடிப்போம். அதற்குக் கஷாயம் என்று பெயர் வைத்திருந்தோம். அண்ணாச்சி போனில் இருக்கும்போதே, “சார், கஷாயம் ஆறிடுச்சு” என்று நான் சொல்வேன். ராகவன் சார் இருமுவார். “இதை மதுன்னு சொல்லப்படாது. நொதிச்ச பார்லிக் கஞ்சி” என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லிவிட்டுத்தான் முதல் வாய் குடிப்பார். நான் வீட்டுக்குப் போகும் வழியில் சோம்பு மென்றுகொண்டே போவேன். ஒரு முறை சோம்பு வாசனையை வைத்தே அம்மா, “பிரியாணி சாப்பிட்டியா?” என்று பிடித்துவிட்டாள். பிரியாணிதான் என்று ஒப்புக்கொண்டேன்.

இப்போது வாசனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு மூக்கு ஒரு மாதிரி பழகிவிடும். காற்று வடக்கே இருந்து வந்தால் ஒரு நாற்றம், மேற்கே இருந்து வந்தால் இன்னொன்று. உரம், எண்ணெய், கருவாடு, சாம்பல். கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸில் வந்தாலும் எந்த ஸ்டாப்பிங் என்று சொல்லிவிடலாம். ஏதாவது நாறினால் யாரும் “என்ன நாற்றம்?” என்று கேட்பதில்லை. “காத்து மாறிடுச்சு” என்பார்கள். அவ்வளவுதான்.

அதனால் அந்த ஐப்பசியில் மாதிரி அறையில் புதிதாக ஒரு வாசனை வந்தபோது, எங்களுக்குச் சந்தேகம் வந்தது ஒரே ஒரு பொருள் மேல்தான். கேன்.

பூண்டை நசுக்கி வைத்ததுபோல ஒரு வாடை. அதோடு பழைய மீன். சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. “கெட்டுப்போச்சு தங்கச்சி, கலீஜ் பூந்துருச்சு” என்று பெலிக்ஸ் அண்ணன் கேனோடு தூக்கிக் கொட்டினார். வெந்நீர் போட்டுப் பானையை, டியூபை, வேட்டியை எல்லாம் கழுவினார். அடுத்ததும் அப்படியே நாறியது. அதையும் கொட்டினார். மூன்றாவது தடவை புதுக் கேன் வாங்கி வந்தார். பேக்கரியை மாற்றினார். ஆனால் டம்ளரில் ஊற்றி முகர்ந்தால் பீரில் அந்த வாடை இல்லை. பீர் நன்றாகவே இருந்தது. அறைதான் நாறியது. அதைக் கவனித்தோம். அதைப் பற்றி யோசிக்கவில்லை.

தலைவலி வந்தது. வயிற்றைப் பிரட்டியது. ராகவன் சாருக்கு நெஞ்சில் ஏதோ உட்கார்ந்திருப்பதுபோல இருக்கிறதென்றார். யாரிடம் சொல்வது? டாக்டரிடம் போனால் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். திருட்டுத்தனமாகக் குடிக்கிறவர்களுக்கு வரும் வியாதியெல்லாம் குடியால் வந்ததுதான் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். கிறிஸ்மஸுக்கு முன்னால் வரும் நாட்களையும் தவக்காலமாகவே வைத்துக்கொண்டு பெலிக்ஸ் அண்ணன் பீரைத் தொடவில்லை. காய்ச்சுவார், குடிக்க மாட்டார். அந்த வாரம் அவருக்குத்தான் அதிகமாகத் தலை வலித்தது. “குடிக்காததால வலிக்குது போல” என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

இன்னொன்று, வண்டு. மழைக்காலத்தில் தானியச் சாம்பிளில் வண்டு புரளும். அந்தப் பருவத்தில் என் வெள்ளைத் தட்டில் வண்டு ஓடவில்லை. விழுந்தது, கிடந்தது. வெள்ளிக்கிழமை உயிரோடு டப்பாவில் மூடி வைத்த வண்டு திங்கட்கிழமை செத்துக் கிடந்தது. எனக்கு எண்ணுவதற்குச் சுலபமாக இருந்தது. ராகவன் சார்கூட, “இந்த வருஷம் நல்ல சரக்கும்மா” என்றார். அலமாரிக்குப் பின்னால் ஒரு பல்லி செத்துக் கிடந்தது. பிறகு இன்னொன்று. சர்க்கரை டப்பாவைத் திறந்தே வைத்தாலும் எறும்பு வரவில்லை. பெருக்க வரும் அம்மா, “இன்னா மருந்து அடிச்சீங்க, ஒரு பூச்சி கூட காணோம்?” என்று கேட்டாள். “ஒண்ணும் அடிக்கலியே” என்றேன். அவளும் கேட்டுவிட்டுப் பெருக்கிவிட்டுப் போய்விட்டாள்.

இத்தனைக்கும் நடுவில் கேன் மட்டும் சந்தோஷமாக ப்ளக் ப்ளக்கென்று சொல்லிக்கொண்டிருந்தது.

மாதிரி அறைக்கும் கிடங்குக்கும் ஒரே சுவர். அண்ணாச்சி கிடங்கில் ஒரு விளக்குப் போட எங்கள் மீட்டரிலிருந்து வயர் இழுத்திருந்தார். அதற்காகச் சுவரில் உடைத்த ஓட்டையில் தேங்காய் நுழையும். வயர் போனது, ஓட்டை அப்படியே இருந்தது. அதை மறைக்கத்தான் அங்கே ஓர் அலமாரி. அலமாரியின் கீழ்த்தட்டில் இருட்டாக, குளிர்ச்சியாக இருந்ததால் கேனை அங்கே வைத்திருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, ஓரத்தில் மணல் மூட்டை அடுக்கி, உள்ளே வண்டு மாத்திரை வைப்பார்கள். ஈரம் பட்டால் கரைந்து விஷவாயுவாக மாறும் மாத்திரை. எல்லாக் கிடங்கிலும் வைப்பதுதான். வைத்தால் கதவில் அபாயப் பலகை மாட்ட வேண்டும், பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும், ஆட்களை வெளியேற்ற வேண்டும். அண்ணாச்சியின் கிடங்கில் பலகையைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

மார்கழி பிறப்பதற்கு முன் ஒரு சனிக்கிழமை. கடலில் புயல் சின்னம் என்று இரண்டு நாளாக மழை. ரோட்டில் முழங்காலளவு தண்ணீர். லாரிகள் இஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே நின்றிருந்தன. கிறிஸ்மஸுக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்சியிருந்தோம். வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்று பெலிக்ஸ் அண்ணன் காலையிலேயே வந்து, மாதிரி அறையில் உட்கார்ந்து பாட்டில்களில் அடைத்துக்கொண்டிருந்தார். மழைச்சாரலுக்கு ஜன்னலைச் சாத்தியிருந்தது.

அந்த மழையில் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்தபோது அண்ணாச்சி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் ஒரு பிளாஸ்டிக் பை. கிடங்குக் கூரை ஒழுகுகிறது என்று போன் வந்ததாம். அவர் குரல் கேட்டதும் பெலிக்ஸ் அண்ணன் மாதிரி அறைக் கதவை உள்ளே தாழ் போட்டார். தாழ் விழும் சத்தம் எனக்குக் கேட்டது.

அண்ணாச்சி கிடங்கைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்தார். “கூரை ஊத்துதும்மா. மூட்டையெல்லாம் நனையுது. மழை வெறிக்கட்டும், ஆளை வச்சுப் பாக்கணும். டீ இருக்கா?” என்றார். டீ போட்டுக் கொடுத்தேன். ராகவன் சார் கப்பலில் பார்த்த புயல்களைப் பற்றி ஆரம்பித்தார். அண்ணாச்சியைக் கிளப்பத்தான் ஆரம்பித்தார், அவர் இன்னும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு உள்ளறையிலேயே காது. முதலில் பாட்டில் உரசும் சத்தம் கேட்டது. ஒரு இருமல் கேட்டது. உடனே நான் சத்தமாக இருமினேன். இன்னொரு இருமல். ராகவன் சார் இருமினார்.

“என்ன, எல்லாருக்கும் சளியா?” என்றார் அண்ணாச்சி.

பிறகு இருமல் கேட்கவில்லை. மனுஷன் எவ்வளவு சமர்த்தாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். மழை தகரத்தில் அடித்தது. அண்ணாச்சி இன்னொரு டீ கேட்டார்.

அவர் பிளாஸ்டிக் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு கிளம்பியதும் கதவைத் தட்டினேன். “அண்ணே, போயாச்சு.” பதில் இல்லை. விளையாடுகிறார் என்று ராகவன் சார் சொன்னார். மறுபடி தட்டினேன். கதவுக்கு அடியிலிருந்து அந்தப் பூண்டு வாடை வந்தது, முன் எப்போதும் இல்லாத அளவுக்கு. கண்ணில் நீர் வந்தது. ரோட்டுக்கு ஓடினேன்.

ரோட்டில் நின்ற லாரி டிரைவர் ஒருவர் வந்து தோளால் இடித்துக் கதவைத் திறந்தார். பெலிக்ஸ் அண்ணன் அலமாரி பக்கமாகச் சாய்ந்து விழுந்திருந்தார். சட்டை முழுக்கப் பீர். வாயோரம் வாந்தி. உதடு நீலம். டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு அவரைக் கக்கத்தில் கைகொடுத்து இழுத்தார். நான் காலைப் பிடித்தேன். கேனில் மிச்சம் இருந்தது. அந்த நேரத்திலும் டம்ளரில் ஒரு ப்ளக் கேட்டது.

லாரி கேபினில்தான் கொண்டுபோனோம். தண்ணீரில் வேறு எந்த வண்டியும் ஓடவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் அவரை ஸ்ட்ரெச்சரில் போட்டதும் அங்கிருந்த ஆண் செவிலியர் குனிந்து முகர்ந்தார். “குடிச்சிருக்கார்” என்றார்.

அந்த ஒரு வார்த்தை அப்படியே வார்டு முழுக்கப் பரவியது. குடித்தார் என்றார்கள். ஆபீஸிலேயே காய்ச்சினார்களாம் என்றார்கள். அரை மணியில் கள்ளச்சாராயம் ஆகிவிட்டது. புறக்காவல் நிலையத்திலிருந்து ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்து, லாரியில் எங்களோடு வந்துவிட்ட ஒரு பாட்டிலைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டார். இன்னும் எத்தனை பேர் குடித்தார்கள் என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. கள்ளச்சாராயத்தில் கண் போன, உயிர் போன ஊர்களைப் பார்த்தவராக இருப்பார். அந்தக் கோணத்தில்தான் சிகிச்சையும் தொடங்கியது.

ராகவன் சாரிடம் கேட்டார். ராகவன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கு இதெல்லாம் தெரியாது சார். நான் சுத்த சைவம்” என்றார்.

அண்ணாச்சி வந்துவிட்டார். என்னைத் தனியாக மாடிப்படி ஓரம் கூப்பிட்டார். அவர் வேட்டி முட்டிவரை நனைந்திருந்தது. குரல் மட்டும் காய்ந்திருந்தது.

“பாப்பா, நான் சொல்லுதேன், கேளு. அவன் குடிச்சான், விழுந்தான். அவ்வளவுதான் விஷயம். நீ அதுல இல்ல. நீ குடிக்கலன்னு நான் சொல்லுதேன். கிடங்கைப் பத்திப் பேச்சே வரப்படாது. என்ன?”

நான் கிடங்கைப் பற்றி அதுவரை நினைத்திருக்கவே இல்லை. அவர்தான் நினைக்க வைத்தார். கூரை ஒழுகுகிறது, மூட்டை நனைகிறது என்று காலையில் டீ குடித்துக்கொண்டே அவர் சொன்னது திரும்பிவந்தது. ஈரம். மாத்திரை. ஓட்டை. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது லூர்து மேரி வந்தார். பெலிக்ஸ் அண்ணனின் மனைவி. காசிமேட்டில் மீன் விற்பவர். மழைக்கோட்டுக்கு மேலே இடுப்பில் கட்டிய ரப்பர் துணியைக்கூட அவிழ்க்காமல் வந்திருந்தார். கையில் மீன் செதில். யாரோ அவரிடம், “கள்ளச்சாராயம்மா, வாய்ப்பு கம்மி” என்று வழியிலேயே சொல்லிவிட்டார்கள். நேராக என்னிடம் வந்தார்.

“நீ சொல்லு. அவரு சாராயம் குடிச்சாரா?”

“இல்லக்கா. நாங்க காய்ச்சின பீரு. அவர் அதைக்கூடக் குடிக்கல. தவக்காலம்னு வெச்சிருந்தார். சட்டையில ஊத்திக்கிச்சு.”

“நீ குடிச்சிருக்கியா?”

“போன வாரம் குடிச்சேன்.”

“இதே சாமான்லயா?”

“இதே கேன்தான்.”

என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு சப்-இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் போனார். அவர் பாட்டிலின் மேல் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். லூர்து மேரி பாட்டிலை எடுத்தார், மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார், நின்றபடியே மடக் மடக்கென்று குடித்தார். “ஏய், ஏய், இன்னாமா பண்றே!” என்று சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து பிடுங்குவதற்குள் பாதி போய்விட்டது.

புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“இது எனக்கு இன்னா பண்ணுதுன்னு பாரு. இங்கியே குந்திகினு கீறேன். நான் வுழுந்தா சாராயம்னு எழுது. வுழலன்னா என் வூட்டுக்காரர வேற இன்னா தள்ளுச்சுன்னு பாரு. அதுவரைக்கும் யாரும் குடிகாரன்னு சொல்லக் கூடாது. அந்த ஆளு தவத்துல கீறாரு.”

இளம் டாக்டர் ஒருத்தர், பெண், அந்தக் கூச்சலைக் கேட்டு உள்ளேயிருந்து வந்தார். “சாராயம்னா உடனே தெரியாதும்மா, இப்படியெல்லாம் பண்ணாதீங்க” என்று அதட்டினார். அதட்டிவிட்டு, என்ன நினைத்தாரோ, என் பக்கம் திரும்பி, “அந்த ரூம்ல வேற என்ன இருந்துச்சு?” என்று கேட்டார்.

அண்ணாச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். செத்த வண்டிலிருந்து ஆரம்பித்தேன். பல்லி, எறும்பு, பூண்டு வாடை, தலைவலி, சுவர் ஓட்டை, சுவருக்கு அந்தப் பக்கம்.

“வண்டு மாத்திரையா?” என்றார் டாக்டர். முழுதாகக்கூடக் கேட்கவில்லை. உள்ளே ஓடினார். அந்த மாத்திரையை விழுங்கிவிட்டு வருகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார். அதற்கு மாற்று மருந்து கிடையாது என்று பின்னால் சொன்னார். நெஞ்சு ஓயாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். பார்த்துக்கொண்டார்கள்.

லூர்து மேரி அந்த பெஞ்சைவிட்டு மறுநாள்வரை எழுந்திருக்கவில்லை. விழவும் இல்லை. ஒரே ஒரு முறை என்னைக் கூப்பிட்டு, “இந்தக் கண்றாவிய எப்படி குடிக்கிறீங்க? கசக்குதே” என்றார்.

பெலிக்ஸ் அண்ணன் பிழைத்தார். பாதி பிழைத்தார் என்று சொல்ல வேண்டும். இருதயம் அடிபட்டுவிட்டது. மாடி ஏற முடியாது, உரக்கப் பேச முடியாது. லாரி ஹாரனை நிறுத்திய குரல், பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும் என்று ஆகிவிட்டது.

திங்கட்கிழமை போலீஸ்காரர் ஒருவரோடு ஆபீஸுக்குப் போனேன். கிடங்குக் கதவு அகலத் திறந்திருந்தது. தார்ப்பாய் மடித்து வைத்திருந்தது. மாத்திரை வைத்ததற்கு அடையாளமே இல்லை. அலமாரியை நகர்த்தினேன். ஓட்டை இருந்த இடத்தில் புதுச் சிமெண்டு. விரலை வைத்தேன், ஈரமாக இருந்தது. போலீஸ்காரரும் விரலை வைத்துப் பார்த்தார். பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

எனக்கு வேலை போனது. காய்ச்சியதற்காக ஸ்டேஷனுக்குச் சில தடவை அலைந்தேன். அண்ணாச்சி மேல் கொடுத்த புகார் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. ராகவன் சாரை ஒருமுறை ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் பார்த்தேன். அவரும் பார்த்தார். மீஞ்சூர் வண்டி வந்தது. அவர் போக வேண்டிய திசை அது இல்லை என்று எனக்குத் தெரியும். ஏறிப் போய்விட்டார்.

போன வருஷம் பெலிக்ஸ் அண்ணன் இறந்தார். தூக்கத்தில். கல்லறைத் திருநாளுக்குப் பூ வைத்துவிட்டு வரும்போது லூர்து மேரி, “அந்த எடத்த எனக்குக் காட்டு. நான் பாத்ததே இல்ல” என்றார். அத்தனை வருஷத்தில் அவர் அங்கே போனதே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஷேர் ஆட்டோவில் போனோம். ஆபீஸ் இல்லை. கிடங்கு இல்லை. அண்ணாச்சி விற்றுவிட்டு ஊரோடு போய்விட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். இடித்துவிட்டார்கள் என்று தெரியாது. தரையெல்லாம் கான்கிரீட். கன்டெய்னர்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, தெரு மாதிரி வரிசை வரிசையாக. வெயில் கீழே வரவே இல்லை. கம்பி வேலியோரம் நின்றோம். வாட்ச்மேன் வந்தார்.

“இன்னாமா வேணும்?”

“இங்க ஒரு ஆபீஸ் இருந்துச்சு. பக்கத்துல கிடங்கு” என்றேன்.

“இங்கயா? இங்க எப்பவும் பொட்டிதாம்மா.”

லூர்து மேரி அவரைப் பொருட்படுத்தவில்லை. “எங்கன்னு மட்டும் காட்டு” என்றார். நான் ரோட்டிலிருந்து கண்ணால் அளந்தேன். வேப்பமரம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன், அதுவும் இல்லை. ஒரு நீலப் பெட்டியைக் காட்டினேன். பிறகு, இல்லை, அதற்கு அடுத்த சிவப்புப் பெட்டி என்றேன். சிவப்பையே வைத்துக்கொண்டோம். அவர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நெற்றியில் சிலுவை போட்டுக் கண்ணை மூடினார்.

உள்ளேயிருந்து பெரிய தூக்கு வண்டி ஒன்று பின்பக்கம் பீப் பீப்பென்று கத்திக்கொண்டு வந்தது. சிவப்புப் பெட்டியைக் கவ்வித் தூக்கியது. காத்திருந்த லாரியில் வைத்தது. லாரி கேட்டைத் தாண்டி, எங்களை உரசிக்கொண்டு, துறைமுகத்துப் பக்கம் போனது.

லூர்து மேரி கண்ணைத் திறந்தார். அவர் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இப்போது பின்வரிசைப் பெட்டிகள் தெரிந்தன.

“எதுன்னு சொன்ன?” என்று கேட்டார்.